சித்தப்பாவின் கோடி ரூபாய் ராமர் காசு

ராமர் படம் போட்ட பழைய கம்பெனிக் காசு கோடிக்கணக்கில் விலை போகும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்த ராமர் காசைப் பற்றி எங்கள் வீட்டிலும் ஒரு கதை உண்டு. மூன்று வருடம் முன்பு, நாகப்பட்டினம் பக்கம் இருக்கும் எங்கள் பழைய ஓட்டு வீட்டைக் காலி செய்தபோது, சாமி மாடத்துக்குப் பின்னால் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று கிடைத்தது. உள்ளே இரண்டு காசுகள். ஒன்று சின்னது, கறுத்துக் கிடந்தது. இன்னொன்று பெரிய செம்புக் காசு. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் இங்கிலீஷில் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, அரை அணா, 1818.

சித்தப்பாவுக்கு அன்றிரவு தூக்கமே இல்லை. “இதுதான்டா ரைஸ் புல்லிங் காசு. அரிசியைத் தன் பக்கம் இழுக்கும். கோடிக்கணக்கில் போகும்.” நாலு அரிசியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அசையவில்லை. அமாவாசை அன்றைக்குத்தான் இழுக்குமாம்.

எப்படி மோப்பம் பிடித்தார்களோ, அடுத்த வாரமே இரண்டு பேர் காரில் வந்து இறங்கினார்கள். அவர்களிடம் இருந்த ‘சாம்பிள்’ காசு, அவர்கள் கொண்டுவந்த அரிசியைச் சட்டென்று இழுத்தது. எங்கள் காசை டெஸ்ட் பண்ண முதலில் 15,000 கட்ட வேண்டும் என்றார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டு, தரையில் சிந்திக் கிடந்த அவர்களுடைய அரிசிக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைக் கொண்டுபோனேன். அரிசி எழுந்து வந்து ஒட்டிக்கொண்டது! இரும்புத் தூள் ஏற்றிய அரிசி. சித்தப்பா அப்போதும், “அவங்க ஃபிராடு சரி, காசு நிஜமா இருக்கலாம் இல்ல?” என்றார்.

அதையும் பார்த்துவிடலாம் என்று மயிலாடுதுறையில் பல வருடமாக நாணயம் சேர்க்கும் ஒரு பெரியவரிடம் போனோம். காசைக் கையில் வாங்கியதுமே சிரித்தார். ஆனால் வாயால் ஒன்றும் சொல்லாமல், கம்பெனியின் நிஜமான 1835 அரை அணா ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்து லென்ஸைக் கொடுத்தார். அதில் எழுத்தின் ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோல நின்றன. எங்கள் காசில் எழுத்தெல்லாம் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருந்தது. நடுநடுவே குண்டூசி முனை அளவுக்குக் குழிகள். விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு, அதை அரம் போட்டு ராவிய தடம் வேறு. அது அச்சில் அடித்த காசு, இது உருக்கி வார்த்தது. தராசில் அவருடையது 13 கிராமுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. எங்களுடையது பத்தரைகூட வரவில்லை.

“கம்பெனிக்காரன் சாமி படம் போட்டதே இல்லையா சார்?” என்று கேட்டேன். அங்கேதான் எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று வந்தது. போட்டிருக்கிறான். மெட்ராஸில் கம்பெனி அடித்த வராகன் என்ற பழைய காசுகளில் பெருமாள் இருக்கிறார். 1807, 1808 வாக்கில் வந்த அரை வராகன், கால் வராகன் வெள்ளிக் காசுகளில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் பெருமாள், தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துகூட உண்டு. அதனால் சாமி படம் இருந்தாலே போலி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அரை அணாவில் ராமர் பட்டாபிஷேகம் மட்டும் கம்பெனி அடித்ததே கிடையாது. இதே காசு 1616 என்று வருடம் போட்டும் சுற்றுகிறது. மெட்ராஸில் கம்பெனிக்கு இடம் கிடைத்ததே 1639இல்தான்!

கிளம்பும்போது பெரியவர் அந்தக் கறுத்த காசையும் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். V எழுத்தின் இரண்டு கால்களிலும் Oவும் Cயும் கோத்த முத்திரை, அதற்குக் கீழே வருடம். முதல் இரண்டு இலக்கம், 17, மட்டும்தான் தெரிந்தது. அந்த முத்திரை டச்சு ஈஸ்ட் இந்தியா கம்பெனியுடையது, காசு அவர்களுடைய டொய்ட் என்ற சின்னச் செம்புக் காசு. நாகப்பட்டினம் 1781 வரை அவர்கள் கையில்தானே இருந்தது. நாம் துட்டு துட்டு என்கிறோமே, அந்தச் சொல்லே இதிலிருந்துதான் வந்தது என்றார். அசல்தான், ஆனால் நிறையக் கிடைப்பதால் பெரிய விலை போகாதாம்.

திரும்பும் வழியில் பஸ்ஸிலிருந்தே அத்தைக்கு போன் போட்டேன்.

“அந்த ராமர் காசா? ராமேஸ்வரம் போனப்ப கடையில ரெண்டு ரூபாய்க்கு நான்தான் வாங்கிட்டு வந்தேன். பாட்டி கும்பிடக் கேட்டாங்க.”

சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.