பொத்தானுக்குத் தண்டா, காதா?

> காசு என்று தவறாகப் பதிவாகும் பழைய உலோகப் பொத்தான்களுக்கு விவரக்குறிப்பு எழுதுகிறோம். பின்புறம் உள்ள ‘ஷேங்க்’குக்குத் ‘தண்டு’ என்றும், அங்கே பொறித்த எழுத்துக்குப் ‘பின்முத்திரை’ என்றும் போடலாமா?

ஐயா, இரண்டுமே வேண்டாம்.

தண்டு என்றால் நீண்டு நிற்பது. இந்தப் பொத்தான்களில் இருப்பதோ நூல் நுழையும் கம்பி வளையம். நூல் நுழையும் இடத்துக்குக் ‘காது’ என்று ஊசியிலேயே பெயர் வைத்திருக்கிறோம். காதறுந்த ஊசி போலவே காதறுந்த பொத்தான். குழப்பம் முழுவதும் இந்தக் காதறுந்த பொத்தானால்தான் வருகிறது. காது இருந்தால் யாரும் காசு என்று எண்ணமாட்டார்கள்.

ஆகவே முதலில் வேண்டிய சொல் ‘காதுத்தழும்பு’: காது பற்றவைத்த இடத்தில், பின்புறத்தின் நட்டநடுவே மிஞ்சும் சாம்பல் நிறப் புள்ளி அல்லது சிறு மேடு. 10 மடங்கு லென்ஸில், சாய்வான ஒளியில் பார்க்க வேண்டும். நேர் ஒளியில் தேய்மானம் போலத் தோன்றி ஏமாற்றும். பதக்கமாக அணிந்த காசில் பற்றுத்தழும்பு பெரும்பாலும் விளிம்பில் இருக்கும். காசையே பொத்தானாக்கியதும் உண்டு. அதில் தழும்பைச் சுற்றிக் காசின் எழுத்து தெரியும். பொத்தானாகவே செய்ததில் எழுத்து வட்டமாக ஓடி நடுவை வெறுமையாக விட்டிருக்கும்.

முகப்பை மட்டும் நம்பக்கூடாது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காசிலும் சிங்கம், கம்பெனிப் படைப் பொத்தானிலும் சிங்கம். இரண்டும் அச்சால் அடித்தவை. 1808 மதராஸ் 10, 20 காசு நாணயங்களை அடித்த பர்மிங்காம் சோஹோ ஆலையின் மேத்யூ போல்ட்டனே பொத்தான் தொழிலிலிருந்து வந்தவர்தான். எடை உதவும்: 1835 கால் அணா சுமார் 6.5 கிராம். அதே அகலமுள்ள தகட்டுப் பொத்தான் பெரும்பாலும் மெல்லியது, இலேசானது. விளிம்பில் முன்தகடு பின்தகட்டின் மேல் மடிந்திருந்தால் ஐயமே இல்லை. அது ஈரடுக்குப் பொத்தான்.

புளி போட்டுத் துலக்கவே கூடாது. குழிகளில் ஒட்டியிருக்கும் பொன்முலாமும் தழும்பின் நிறமும் போய்விடும். பித்தளையானால் துத்தநாகம் கரைந்து மேற்பரப்பு செம்புச் சிவப்பாகிவிடும். காய்ச்சி வடித்த நீரும் மென்தூரிகையும் போதும்.

‘பின்முத்திரை’ ஏன் கூடாது? நாணயவியலில் ‘முத்திரைக் காசு’ என்பது முத்திரை குத்திய பழங்காசு. பட்டியலில் அந்தச் சொல்லைக் கண்டதும் வாசகர் மறுபடியும் காசுக்கே போய்விடுவார். ‘முதுகெழுத்து’ என்று வைக்கலாம்.

> ‘காது’ மிகப் பொருத்தம். ஆனால் பின்புறம் எழுத்தே இல்லாமல் கிரீடமோ நட்சத்திரமோ மட்டும் இருந்தால் அதை ‘முதுகெழுத்து’ என்பது எப்படி? ஈழத்தில் பொத்தானைத் ‘தெறி’ என்பார்கள். அதையும் கணக்கில் கொள்ள வேண்டாமா?

சரியான தடை. பொதுச்சொல்லாக ‘முதுகுக்குறி’யை எடுத்துக்கொள்வோம், ‘ட்ரெபிள் கில்ட்’ (மும்மடங்குப் பொன்முலாம்), ‘லண்டன்’ போன்ற எழுத்து இருந்தால் அதை அப்படியே படியெடுத்து எழுதலாம். ‘தெறி’யைத் தேடுசொல்லாகக் கட்டாயம் சேர்க்க வேண்டும். பதிவு இப்படி அமையலாம்:

பொத்தான் (தெறி), காதறுந்தது. செம்புக் கலவை, ஒற்றைத் தகடு. விட்டம் 25 மி.மீ.; காதுத்தழும்பு நடுவில், 6 மி.மீ.; முதுகுக்குறி: ‘ட்ரெபிள் கில்ட்’; குழிகளில் பொன்முலாம் எச்சம்; துலக்கவில்லை.