இரண்டு மணி நேரத்துக்குள் அரை மாரத்தான்: அந்த பேஸர் சொன்னதைக் கேட்டது சரிதானா?

பிடோக் ஏரிக்கரை:
சிங்கப்பூரில் ஓடிய அரை மாரத்தான் (21.1 கிலோமீட்டர்) முடிந்து மாதக்கணக்கில் ஆகிவிட்டது, இன்னும் உறுத்துகிறது. பயிற்சி எல்லாரும் செய்வதுதான். வார நாளில் பிடோக் ஏரியை இரண்டு சுற்று (ஒரு சுற்று 4.3 கிலோமீட்டர்), ஒரு நாள் இன்டர்வல் (வேகமாகவும் மெதுவாகவும் மாற்றி மாற்றி), ஞாயிறு ஈஸ்ட் கோஸ்டில் நீள ஓட்டம். இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க, கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி (5:41) தாண்டாமல் இருந்தால் போதும்.

வழியில் ஏறி இறங்கும் ஷியர்ஸ் பாலம் வரை, இரண்டு மணி நேர பேஸரின் (அந்த நேரத்தில் முடிக்கும் வேகத்தில், பலூன் கட்டிக்கொண்டு வழிகாட்டி ஓடுபவர்) முதுகை நான் விடவில்லை. அவர் பலூன் என் காதை உரசிக்கொண்டே வந்தது. பாதி ஏற்றத்தில் சட்டென்று திரும்பி, தமிழிலேயே, "அண்ணே, உங்க மூச்சு சத்தம் எனக்குக் கேக்குது. இங்க விட்டுருங்க, இறக்கத்துல வந்து புடிங்க" என்றார். விட்டேன். இறக்கத்தில் பலூன் தெரிந்தது, கிட்டே வரவே இல்லை. 2:00:48.

அந்த ஆள் என்னைக் காப்பாற்றினாரா, கெடுத்தாரா? நான் தமிழன் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது?

செங்காங் சித்தப்பா:
காப்பாற்றினார். இதில் என்ன சந்தேகம்? எங்கள் குழுவில் ஒருவர் நீள ஓட்டத்தின் கடைசியில் உடம்பு சூடேறி, பேச்சுக் குழறி, வந்த வழியே திரும்பி ஓட ஆரம்பித்தார். நிழலில் படுக்க வைத்து, ஐஸ் வாங்கி அக்குளில் வைத்து, ஆம்புலன்சைக் கூப்பிட்டோம். "நாம எங்க இருக்கோம்?" என்று என்னைக் கேட்டார், தினமும் ஓடும் இடத்தில்.

தம்பி, ஒன்று புரிந்துகொள்ளுங்கள். இங்கே விடியற்காலையில் வெயில் இல்லையே தவிர, காற்றில் ஈரப்பதம் அப்போதுதான் அதிகம். வேர்வை சொட்டும், ஆவியாகாது. ஆவியாகாத வேர்வை உடம்பைக் குளிர வைக்காது. அதனால் நீள ஓட்டத்தில் வேகத்தைப் பார்க்காதீர்கள், நாடித்துடிப்பைப் பாருங்கள். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை போடுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. அதற்காக வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்கவும் கூடாது, இரத்தத்தில் உப்புக் குறைந்தால் அதுவும் ஆபத்து. ஓடும்போது தெம்புக்குச் சாப்பிடும் ஜெல்லைப் பயிற்சியிலேயே சாப்பிட்டுப் பழகுங்கள். புதுக் காலணி வேண்டாம். முதல் நாள் இரவு பரோட்டா வேண்டாம். கடைசி இரண்டு வாரம் தூரத்தைக் குறையுங்கள். தூக்கம் முக்கியம். கால் நகத்தை வெட்டிவிடுங்கள்.

தெம்பனிஸ் அக்கா:
சித்தப்பா, கதை நாலு வரி, அறிவுரை ஒரு பக்கம்!

பிடோக், ஏற்றத்தில் "முருகா, முருகா" என்று முனகியிருப்பீர்கள். வேறெப்படித் தெரியும்?

எனக்குத் தூரம் காட்டும் கைக்கடிகாரத்தின் மேல்தான் கோபம். 21.1 கிலோமீட்டர் என்று கை அதிர்ந்தபோது 1:59:20. இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். தடுப்போரம் நின்ற தொண்டூழியப் பையன் "ஆன்ட்டி, நாட் யெட்! நாட் யெட்!" என்று கத்துகிறான். முடிவுக் கோடு எங்கோ தூரத்தில். அதிகாரபூர்வ நேரம் 2:01. பாதையை வளைவுகளின் மிகக் குறுகிய வழியில்தான் அளக்கிறார்கள். நாம் கூட்டத்தை ஒதுக்கி, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, எப்படியும் கூடுதலாக ஓடிவிடுகிறோம். கடிகாரத்தில் 5:41 காட்டினால் போதாது, இன்னும் நாலைந்து விநாடி குறைவாக ஓட வேண்டும். அதனால் உங்கள் 48 விநாடியைப் பாலத்தில் மட்டும் தேடாதீர்கள்.

ஜூரோங் மேற்கு:
ஏன் இங்கேயே மல்லுக்கட்டுகிறீர்கள்? ஜூலையில் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட் ஓட்டத்துக்குப் போங்கள். அங்கே குளிர்காலம், பாதையும் தட்டை. தொடக்கக் கோட்டில் கையில்லாத பனியனோடு நடுங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தாத்தா ஒன்றும் கேட்காமல் தன் பழைய ஸ்வெட்டரைக் கழற்றி என் தலை வழியாகப் போட்டுவிட்டார். சூடானதும் ஓரமாக எறிந்துவிடு என்றார். எறிய மனம் வரவில்லை, இடுப்பில் கட்டிக்கொண்டே ஓடினேன். அப்படியும் 1:54. இங்கே அதே காலுக்கு, அதே பயிற்சிக்கு 2:03.

பிடோக் ஏரிக்கரை:
அக்கா, முருகா என்று சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

ஜூரோங், அது கோல்டு கோஸ்ட் குளிர் ஓடிய நேரம். ஷியர்ஸ் பாலம் ஏறி 1:54 காட்டுங்கள், பேசலாம்.

ஜூரோங் மேற்கு:
பெஸ்ட் டைம் என்றால் பெஸ்ட் டைம்தான். வானிலைக்கு ஏற்ற கழிவெல்லாம் யாரும் தருவதில்லை.

செங்காங் சித்தப்பா:
ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு 21 கிலோமீட்டரா? இடுப்பு உரசிப் புண்ணாகியிருக்குமே. வாசலின் தடவினீர்களா? முதல் நாளே தடவக் கூடாது, கிளம்புவதற்குச் சற்று முன்னால்தான். இன்னொன்று, காலுறை விஷயம்...