பரங்கிமலை நிலையம் முன்வரிசைக்கு வந்தது எவ்வாறு?

பழவந்தாங்கல் பயணி:
அனைவருக்கும் வணக்கம். 2025 மே 22 அன்று ரயில் நிலையங்களைப் புதுப்பிக்கும் அம்ரித் பாரத் திட்டத்தில் நாடெங்கும் 103 நிலையங்கள் திறக்கப்பட்டபோது, தமிழ்நாட்டின் 9 நிலையங்களுள் சென்னையின் பரங்கிமலையும் இருந்தது. மாம்பலமும் கிண்டியும் நெரிசலில் திணறிக்கொண்டிருக்க, என் கல்லூரிக் காலத்தில் இரவு எட்டு மணிக்கே ஆளரவமற்றுப் போன இந்நிலையம் முந்திக்கொண்டது ஏன் என்பதையும், அதன் பழைய வரலாற்றையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மீட்டர்கேஜ் நேசன்:
வரலாற்றை மட்டும் சொல்கிறேன். தென்னிந்திய ரயில்வே 1931இல் கடற்கரை–தாம்பரம் பாதையில் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் வண்டிகளை ஓட்டத் தொடங்கியது. இந்தியாவில் மின்மயமான முதல் மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகல) பாதை அதுவே. மலையில் போர்ச்சுகீசியர் எழுப்பிய தேவாலயமும் அடிவாரத்துப் படைக் குடியிருப்பும்தான் அன்று ஊருக்கு அடையாளம். 1960களில் மின்னோட்டம் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டமாயிற்று. 2004 ஜூலை 1 அன்று கடைசி மீட்டர்கேஜ் புறநகர் வண்டி ஓடி முடிந்தது. அன்று நானும் அதில் பயணம் செய்தேன். பயணச்சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆதம்பாக்கத்தான்:
முந்திக்கொண்டதற்கான காரணம் புதுப்பித்த முகப்பில் இல்லை, மேல்தளங்களில் இருக்கிறது. தரையில் புறநகர் ரயில், அதற்கு மேல் பறக்கும் ரயிலுக்கான (தூண்கள் மீதமைந்த பாதையில் ஓடும் நகர ரயில்) தளம், உச்சியில் மெட்ரோ என மூன்றையும் ஓரிடத்தில் சேர்ப்பதே இந்நிலையத்தின் திட்டம். மெட்ரோ 2016 அக்டோபரிலேயே வந்துவிட்டது. ஆனால் 2007இல் வேளச்சேரியை எட்டிய பறக்கும் ரயிலை இங்கே கொண்டுவரும் 5 கிலோமீட்டர் நீட்டிப்பு, 2008இல் பணி தொடங்கியும், எங்கள் பகுதியில் ஏறத்தாழ 500 மீட்டர் நிலத்திற்கான வழக்குகளால் பல ஆண்டுகள் அந்தரத்தில் நின்றது. பாதி கட்டிய தூண்களைப் பார்த்தபடியே எங்கள் தெருப் பிள்ளைகள் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டார்கள்.

தினசரிச் சீட்டுக்காரர்:
முகப்பையும் மேல்தளங்களையும் பற்றியே பேசுகிறோம், பயணிகளின் பாதுகாப்பை மறந்துவிட்டோம். 2018 ஜூலையில் விரைவுப் பாதைக்குத் திருப்பிவிடப்பட்ட புறநகர் வண்டியின் படிகளில் தொங்கிச் சென்றவர்கள், இதே நிலையத்தின் தடுப்புச் சுவரில் மோதி உயிரிழந்தனர். மூன்று ரயில்களின் கூட்டமும் இறங்கும் நாளை எண்ணிப் பார்த்தால், நடைமேடையின் அகலமும் படிக்கட்டுகளின் எண்ணிக்கையுமே எனக்கு முதற்கவலையாகத் தோன்றுகின்றன. அலங்கார வளைவுக்கு நான் எதிரியல்லன். அதற்கடுத்த இடம்தான் அதற்கு.

பழவந்தாங்கல் பயணி:
மூவருக்கும் நன்றி. இதுவரை முகப்பை மட்டுமே பார்த்துக் கேள்வி கேட்டுவிட்டேன். நாளை மாலை மெட்ரோவிலிருந்து இறங்கும்போது, மேல்தளத்திலிருந்து புறநகர் நடைமேடை வரை எத்தனை படிக்கட்டுகள் என்று எண்ணி இங்கே பதிவிடுகிறேன்.