இழை: கன்னடத்தில் ‘த்யஜிசு’, தமிழில் என்ன?

ஓசூர் ஆசிரியை:

வணக்கம். எங்கள் பள்ளிக் கணினி அறைக்கு ஒரு கட்டற்ற எழுத்துச் செயலி வருகிறது. அதன் திரையில் வரும் சொற்களை, அதாவது சரங்களை, மொழிபெயர்க்கிறோம். கன்னடச் சரங்கள் முடிந்துவிட்டன. தமிழில் ஒரு சரம் மட்டும் இழுத்துக்கொண்டிருக்கிறது, வெள்ளி மாலை மேற்கொண்டு திருத்த முடியாதபடி பூட்டிவிடுவார்கள். சேமிக்காமல் மூடப் போனால் மூன்று பொத்தான் வரும்: சேவ், டிஸ்கார்ட், கேன்சல். முதலாவது சேமி, கடைசி ரத்து. நடுவில் யாரோ ‘நிராகரி’ என்று போட்டிருக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் காட்டினேன். “யார் மிஸ் நிராகரிக்கிறாங்க?” என்றாள் ஒருத்தி. நியாயமான கேள்வி. விண்ணப்பத்தை நிராகரிக்கலாம், நானே தட்டிய நாலு வரியை நான் எப்படி நிராகரிப்பேன்? ‘அழி’ என்றால் கோப்பே போய்விடும் என்று பயப்படுகிறார்கள். கன்னடக் கோப்பில் ‘த்யஜிசு’ என்று இருக்கிறது. நாம் என்ன வைக்கலாம்?

பெங்களூர் நிரலர்:

கன்னடத்தில் அந்த இடத்தில் அழி என்பதை வைத்தால் வேறு சிக்கல். சேமிக்க அவர்கள் சொல்வது ‘உளிசு’, அதாவது மிஞ்சச் செய். கோப்பு, காசு, உயிர் மூன்றுக்கும் அந்த ஒரே வினைதான். வங்கிச் சேமிப்புக் கணக்குகூட ‘உளிதாய காதெ’. நம் அழி அங்கே ‘அளிசு’. ஏழு ஏளு ஆனது, மழை மளெ ஆனது, அதே கதைதான். ஆக உளிசு, அளிசு இரண்டுக்கும் முதலெழுத்து மட்டுமே வேறு. பக்கத்துப் பக்கத்துப் பொத்தானில் வைத்தால் அவசரத்தில் என்ன ஆகும்? வாழ்வா சாவா என்பதற்கே அங்கே ‘அளிவு உளிவு’ என்றுதான் சொல்வார்கள்! த்யஜிசு எழுத்தில் சரி. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை, ‘பிட்டுபிடு’ என்பார்கள்.

தஞ்சைப் புலவர் ஐயா:

த்யஜ் என்னும் வடமொழி வேர், விட்டுவிடு என்று பொருள். தியாகமும் அதில் பிறந்ததே. நம் பஞ்சாங்கத்தில் ஆகாத வேளைக்குத் தியாஜ்யம் என்று போடுகிறார்களே, அதுவும். பெங்களூரில் திடக்கழிவைக் ‘கனத்யாஜ்ய’ என்கிறார்களே, அதுவும். திருவாரூர்த் தியாகராசப் பெருமானும் குப்பை வண்டியும் ஒரே வேரில்! கன்னடத்திலேயே ‘தொரெ’ என்ற நல்ல சொல் இருக்க, ஏன் இந்தக் கடன்? அது முன்பு வல்லின றகரம் பெற்ற சொல். நம் ‘துற’வும் அதுவும் உடன்பிறப்பு. வள்ளுவர் துறந்தார் என்றும் நீத்தார் என்றும் ஆள்கிறார். ஆகவே ‘துற’. குறுகிய சொல் வேண்டுமானால் நீத்தல் என்பதன் பகுதி ‘நீ’. ஓரெழுத்து ஒருமொழி, பொத்தானுக்கு ஏற்றது.

பெங்களூர் நிரலர்:

ஐயா, சேமி, நீ, ரத்து என்று வரிசையாக வந்தால் பிள்ளைகள் “நானா?” என்று கேட்பார்கள்.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

துற என்றால் காவி கண்ணில் வருகிறது. பாதி எழுதிய கட்டுரையைத் துறக்க எட்டாம் வகுப்புக்கு அத்தனை வைராக்கியம் கிடையாது. கன்னடப் பேச்சு வழக்கைப் பின்பற்றலாமே. அந்தப் ‘பிடு’ நம் விடுதான். சொல் முதலில் வரும் வகரம் அங்கே பகரமாகும்: வேர் பேரு, வா பா. நம் பகரம் ஹகரமாகும்: பால் ஹாலு, பிடி ஹிடி. அவர்கள் பிடு என்றால் நம் காதில் பிடி மாதிரி விழும். பொருளோ நேர் எதிர். சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெறும் ‘விடு’ மொட்டையாக நிற்கிறது. ‘கைவிடு’ எல்லோருக்கும் புரியும். திட்டத்தைக் கைவிட்டார்கள் என்று செய்தித்தாள் தினமும் எழுதுகிறது.

ஓசூர் ஆசிரியை:

‘சேமிக்காமல் மூடு’ என்று நீட்டிச் சொல்லலாமா? வகுப்பில் அதுதான் உடனே புரிந்தது.

பெங்களூர் நிரலர்:

புரியும். ஆனால் இதே சரம் மின்னஞ்சல் வரைவுக்கும் வருகிறது, ஒரு பத்தியின் திருத்தத்துக்கும் வருகிறது. அங்கே மூட எதுவும் இல்லை. ஒற்றை வினைதான் தேவை.

தஞ்சைப் புலவர் ஐயா:

பக்கத்தில் ‘ரத்து’ என்ற அரபுச் சொல் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. துற என்றால் மட்டும் புரியாதாம். புரியாத சொல்லைப் புழங்கித்தான் புரியவைக்க வேண்டும்.

மட்டுறுத்துநர்:

ரத்துக்குத் தனி இழை தொடங்குங்கள் ஐயா. ‘ரத்து’ கன்னடத்திலும் இருக்கிறது, அங்கேயும் சண்டை இருக்கிறது. இங்கே நாளை மாலைக்குள் ஒரு முடிவு வேண்டும்.

ஓசூர் ஆசிரியை:

கைவிடு பக்கம்தான் அதிகம் பேர் என்று எடுத்துக்கொண்டு ஏற்றிவிட்டேன். ‘மாற்றங்களைக் கைவிடு’, ‘வரைவைக் கைவிடு’ இரண்டும் திரையில் அடங்குகின்றன. எல்லோருக்கும் நன்றி.

தஞ்சைப் புலவர் ஐயா:

என் மறுப்பைப் பதிந்து வைக்கிறேன். கைவிட்ட பிள்ளை எங்கோ வளரும், கைவிட்ட கிணறு அங்கேயே கிடக்கும். இங்கே பொத்தானை அழுத்தினால் எழுதியது மிஞ்சுவதில்லை. உங்கள் சொல் அதைச் சொல்லவில்லை. அடுத்த பதிப்புச் சரங்கள் எப்போது திறக்கும் என்று தெரிவியுங்கள். ரத்து பற்றி நாளை எழுதுகிறேன்.