கேரட் வண்டிக்கு ஸ்பீடு சலான், கட்டாம விட்டா என்ன ஆகும்?

கேத்தி பிக்கப்:
கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் இறக்குற வண்டி. மலையில இல்ல, கீழ கோவை ரோட்டுல கேமராவுல மாட்டி 1,000 ரூபாய் சலான். ஓனர் "கெடக்கட்டும் விடு"ங்கறார். அடுத்த மாசம் எஃப்சி (வண்டி ஓடத் தகுதியா இருக்குன்னு தர்ற சான்று) எடுக்கணும். சிக்கல் வருமாண்ணா?

கோத்தகிரி மாமா:
வரும் தம்பி. சலான் வண்டி நம்பர்ல ஏறியிருக்கு. அரசோட போக்குவரத்து வெப்சைட் பரிவாகன்ல பாக்கி நின்னா எஃப்சி, பேர் மாத்துறது, என்ஓசி (தடையில்லா சான்று) எல்லாத்துலயும் இடிக்கும். எஃப்சி இல்லாத லோடு வண்டியை மலைப்பாதையில பர்லியார் தாண்டி இறக்குவாரா உங்க ஓனர்? இழுத்தடிச்சா விர்ச்சுவல் கோர்ட்டுக்கு (ஆன்லைன் கோர்ட்) போயிடும். மோட்டார் வாகனச் சட்டம் 183ஆம் பிரிவுல இலகு வண்டிக்கு 2,000 வரை போடலாம். மறுபடி மாட்டினா லைசென்ஸையே பிடிச்சு வைக்கலாம், அது உன் தலைவலி, ஓனருக்கில்ல.

குன்னூர் குளிரு:
வாட்ஸ்அப்ல "சலான்"னு ஏபிகே ஃபைல் (போன்ல ஆப் ஏத்துற ஃபைல்) வந்தா தொட்டுறாதீங்க. அக்கவுண்ட்டே காலியாகும்.

கேத்தி பிக்கப்:
ஓனர் இப்ப கட்டலாம்ங்கறார், ஆனா என் சம்பளத்துல பிடிப்பாராம்.

கோத்தகிரி மாமா:
மண்டி ஏலத்துக்கு முன்னாடி வண்டி அங்க நிக்கணும்னு போன்ல விரட்டினது யாரு? பாதியாவது அவர் போடணும். கட்டின ரசீதை மட்டும் நீயும் ஒரு காப்பி வெச்சுக்கோ.