கனகபுரா பக்கம் நிலம் வாங்கலாமா? வழி சொல்லுங்கள்

பெங்களூர் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம். நாங்கள் அல்சூரில் இருக்கிறோம். கனகபுராவைத் தாண்டி 2 ஏக்கர் 10 குண்டே (40 குண்டே ஓர் ஏக்கர்) நிலம் விலைக்கு வந்திருக்கிறது. பாதி கேழ்வரகு வயல். மீதி பாறையும் நான்கு புளிய மரங்களும். ஆறேழு கூடாரங்கள் போட்டு, வார இறுதியில் வருகிறவர்களுக்குக் களியும் கீரைக் குழம்பும் பரிமாற வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை.

ஞாயிறன்று போய்ப் பார்த்தோம். வேலியோரத்தில் யானைச் சாணம், ஈரம்கூடக் காயவில்லை. அங்கே குழந்தைகள் கூடாரத்தில் தூங்குவதை நினைத்ததும் நெஞ்சு பதறிவிட்டது. அந்தப் பக்கம் தங்குமிடம் நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால், இரவில் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு விவசாயி அல்லாதவரும் கர்நாடகத்தில் விவசாய நிலம் வாங்கலாம். என் பயம் வேறு. இது தாத்தா காலத்தில் அரசு கொடுத்த நிலம் என்று உரிமையாளரின் அம்மா பேச்சுவாக்கில் சொன்னார். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அரசு வழங்கிய நிலத்தை அரசின் முன் அனுமதி இல்லாமல் விற்றால் அந்த விற்பனை செல்லாது. 1978ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. தரகர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஓர் ஏழைக் குடும்பத்தின் நிலத்தைத் தவறான வழியில் வாங்க எங்களுக்கு மனமில்லை.

கன்னடத்தில் உள்ள பஹணியையும் (நில உரிமை, பயிர் விவரப் பதிவேடு) பழைய பட்டா ஆவணங்களையும் படித்துச் சொல்லக்கூடிய நம்பிக்கையான வழக்கறிஞர் யாரையாவது தெரியுமா? வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார்கள். அதற்கு முன் தெரிந்தால் பேருதவியாக இருக்கும்.