சுட்டது யாரு உதடு?

*குழு: நம்ம வளவு*

லெட்சுமணன்: சாயங்காலம் இழை எடுக்கும்போது, எரியுற திரியை மாவோட வாயில போடுறப்ப, சின்னப்பிள்ளைகளுக்குப் பாத்துக் குடுங்கப்பா. 1971 பிள்ளையார் நோன்புல எனக்கு மேலுதடு சுட்டது இன்னும் மறக்கல

உமையாள்: அண்ணே அது எனக்கு!!

லெட்சுமணன்: பட்டாலைத் தூணு பக்கத்துல நிக்கிறேன், அப்பச்சி மாவுல திரியைக் கொளுத்திக் குடுக்குறாக. பர்னால் வாசம்கூட வருது

உமையாள்: எனக்கும் வருதே

வள்ளியம்மை ஆச்சி: உமையாளுக்குத்தான் சுட்டுச்சு. லெட்சுமணா நீ கதவோரம் நின்னு "எனக்கும் மருந்து போடு"ன்னு அழுத

லெட்சுமணன்: அப்ப நான் பொய் சொல்றேனா ஆச்சி

சிகப்பி: பொய் இல்ல அம்மான். உங்களுக்கு அது நெசமாவே ஞாபகம்தான். நடந்துச்சாங்கிறது வேற கேள்வி

லெட்சுமணன்: சைக்காலஜி ரெண்டாம் வருசம் வந்துட்டாக

சிகப்பி: கேளுங்க. 1995ல ஞாபகத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ண எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் 24 பேருக்கு ஆளுக்கு நாலு சின்னவயசுக் கதை குடுத்தாங்க. மூணு அவங்க வீட்டாளுக சொன்ன நெசக் கதை. ஒண்ணு மட்டும் கட்டுக்கதை: அஞ்சு வயசுல மால்ல தொலஞ்சு போனது. 6 பேரு முழுசாவோ பாதியாவோ அது "ஞாபகம் இருக்கு"ன்னாங்க

லெட்சுமணன்: நாங்க மால்லயா வளந்தோம்? காரைக்குடிச் சந்தையில தொலஞ்சா யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேட்டுக் கொண்டாந்து விட்டுருவாக

சிகப்பி: 😂 அம்மான்! பாயிண்ட் என்னன்னா, வீட்ல திரும்பத் திரும்பச் சொன்ன கதை நம்ம கண்ணால பாத்த மாதிரி ஆயிரும். கேக்குற வார்த்தையே மாத்திரும். 1974ல ஒரே கார் விபத்துப் படத்தைப் போட்டுக் காட்டி, சிலர்கிட்ட "மோதுனப்ப என்ன வேகம்"னும் சிலர்கிட்ட "நொறுங்குனப்ப என்ன வேகம்"னும் கேட்டாங்க. நொறுங்குனதுன்னு கேட்டவங்க வேகத்தைக் கூட்டிச் சொன்னாங்க. ஒரு வாரம் கழிச்சு, படத்துல இல்லாத கண்ணாடிச் சில்லைப் பாத்ததாச் சொன்னவங்களும் அவங்கள்லதான் அதிகம்

உமையாள்: ஆச்சி நோன்புக்கு நோன்பு "அன்னைக்கு எப்புடி அழுத"ன்னுதானே கேப்பாக 🤔

மெய்யப்பன்: ஒரு நிமிசம். அப்பச்சி கணக்கு நோட்டு பெட்டகத்துல இருக்கு

*11:42*

மெய்யப்பன்: 📷 படம்

மெய்யப்பன்: "மார்கழி 8. பர்னால் 1. மெய்யப்பன் உதட்டுக்கு."

உமையாள்: என்னது

லெட்சுமணன்: உனக்கா டா??

மெய்யப்பன்: எனக்கு நாலு வயசு. ஒண்ணுமே ஞாபகம் இல்ல ணே. கண்ணாடியில உதட்டைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன், தழும்பும் இல்ல

வள்ளியம்மை ஆச்சி: ஆத்தாகிட்ட கேட்டேன். "மெய்யப்பன் யாரு"ங்கிறா

மெய்யப்பன்: 😔

வள்ளியம்மை ஆச்சி: ஆனா காலையில நடுவீட்டுக் கோலம் அவதான் போட்டா. ஒரு இழை தப்பல. இழைத் திரிக்கு 21 நூலையும் எண்ணித் திரிச்சு வச்சுட்டா. நான் எண்ணுனா 20தான் வந்துச்சு, அவ திருப்பி எண்ணிக் காட்டுனா

சிகப்பி: கை பழகுன வேலைக்கு மூளையில எடமே வேற பெரியாத்தா. ஹென்றி மொலைசன்னு ஒரு அமெரிக்கரு, 1953ல வலிப்புக்கு மூளையில ஆபரேசன் பண்ணாங்க. அதுக்கப்புறம் நடந்த எதுவும் மனசுல நிக்கல. பிரெண்டா மில்னர்னு ஒரு ஆராய்ச்சியாளர் அவரைக் கண்ணாடியில பாத்துக்கிட்டே நட்சத்திரம் வரையச் சொன்னாங்க. மூணு நாள்ல கை தேறிருச்சு. அவரு மட்டும் ஒவ்வொரு நாளும் இதான் முதல் தடவைன்னு நெனச்சாரு

உமையாள்: ஆத்தா காலையில என்னையப் பாத்து "நீ எந்த ஊரு"ன்னா. இப்ப கோலத்தைப் போய்ப் பாத்துட்டு வந்தேன்

லெட்சுமணன்: சரி, நோட்டு சொன்னா சொன்னதுதான். விட்டுட்டேன். ஆனாலும் பர்னால் வாசம் வருது

வள்ளியம்மை ஆச்சி: படத்தைப் பெருசு பண்ணிப் பாத்தேன். அது அப்பச்சி கையெழுத்து இல்ல, கணக்குப்பிள்ளை எழுதுனது. அவரு உங்க மூணு பேரையும் பேரு மாத்தித்தானே கூப்பிடுவாரு

லெட்சுமணன்: ஆச்சீ!!!

வள்ளியம்மை ஆச்சி: ஆறு மணிக்கு எல்லாரும் வந்துருங்க